அடி வாங்கி வந்த பெண்ணுக்கு ஊராட்சி என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இரவு 11 மணிக்கு உதடு கிழிந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நீங்கள் வார்டு உறுப்பினர் என்பதால்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார். படுக்க இடம் கொடுத்தீர்கள், காலையில் புருஷன் வந்து நின்றதும் அவரே எழுந்து போய்விட்டார். "இதெல்லாம் போலீஸ் வேலைதானே, ஊராட்சிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, இப்படி நடக்காமல் தடுக்க எங்களால் என்ன முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஊர்நல அலுவலராகச் சேர்ந்து, ஒன்றிய அளவில் சமூக நல விரிவாக்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தீர்ப்பு சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, ஆனால் தடுக்கிற வாய்ப்பு போலீசை விட உங்களுக்குத்தான் அதிகம். போலீசுக்கு விஷயம் போகும்போது பெரும்பாலும் அது பத்தாவது அடியாகவோ ஐம்பதாவது அடியாகவோ இருக்கும். முதல் அடி விழுந்தபோதே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறதைப் பார்த்த டீச்சருக்குத் தெரியும், ஒரு வாரமாகப் பிள்ளையைக் கொண்டுவராத தாயைப் பற்றி அங்கன்வாடி பணியாளருக்குத் தெரியும். இவர்கள் எல்லாரும் உங்கள் ஊராட்சிக்குள்ளேயே இருப்பவர்கள்.

2019-21இல் எடுத்த 5ஆவது தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 29 சதவீதம்தான். படிப்பில், வேலையில், மருத்துவத்தில் முன்னால் நிற்கிற மாநிலத்தில் இந்த நிலை. அதே ஆய்வில் நாடு முழுக்க அடிபட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம், அதிலும் பெரும்பாலோர் பிறந்த வீட்டில் சொன்னவர்கள். போலீசுக்கோ அரசு அலுவலகத்துக்கோ போனவர்கள் மிகக் குறைவு. ஆகவே உங்கள் கதவைத் தட்டிய அந்தப் பெண், பெரும்பாலான பெண்கள் செய்யத் துணியாத ஒன்றைச் செய்திருக்கிறார். அதை நீங்கள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் நடப்பது அதுதான். இரண்டு பேரையும் கோயில் வாசலிலோ ஊராட்சி அலுவலகத்திலோ உட்கார வைத்து, பெரியவர்கள் நாலு பேர் பேசி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி, கையெழுத்துப் போட வைத்து, "அவனும் கோபக்காரன், நீயும் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கோ" என்று அனுப்பி வைப்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாளை அவன் மறுநாளே மீறினால் யாரும் அவனை எதுவும் செய்ய முடியாது, அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அவனுக்கு அது நன்றாகப் புரிந்துவிடும், ஊரே கூடியும் நம்மை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று. அந்தப் பெண்ணுக்கும் புரிந்துவிடும், இனி யாரிடமும் போக வேண்டாம் என்று. நான் பார்த்த மோசமான சம்பவங்கள் பலவற்றில், அதற்கு முன் இப்படி இரண்டு மூன்று சமாதானக் கூட்டங்கள் நடந்திருந்தன. பாலியல் வன்கொடுமையிலும் குழந்தைகள் மீதான குற்றத்திலும் இப்படிப் பேசி முடிப்பது இன்னும் பெரிய தவறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்கு அப்படி நடந்தது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுக சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது.

அந்த வெள்ளைத்தாளுக்குப் பதிலாகச் சட்டம் என்ன தருகிறது என்று பாருங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வக்கீல் பீஸ் தேவையில்லை. பெண் என்றாலே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை போட்டபின் அவன் கை நீட்டினால், அது தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவசரமென்றால் இடைக்கால ஆணையும் வாங்கலாம். அவள் பெயரில் பட்டா இல்லை, வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்றாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவளைச் சட்டப்படியான வழியில்லாமல் வெளியே தள்ள முடியாது. நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொன்று, இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் இல்லை, மகனிடம் அடி வாங்கும் அம்மாவுக்கும், அண்ணன் தம்பியிடம் அடி வாங்கும் சகோதரிக்கும் பொருந்தும். அதோடு அடி மட்டும்தான் வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, அரசு மாதம் தருகிற 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையின் ஏ.டி.எம். கார்டைப் புருஷனே வைத்துக்கொள்வது போன்ற பொருளாதாரக் கொடுமையையும், ஓயாமல் கேவலமாகப் பேசுவதையும் சேர்த்தே சொல்கிறது.

நீதிமன்றத்தில் 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது, அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் கையில் ஒரு ஆணை இருக்கிற பெண்ணும், கையில் ஒன்றும் இல்லாத பெண்ணும் ஒன்றில்லை.

இங்கேதான் ஊராட்சியின் வேலை தொடங்குகிறது. பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். உங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், கையில் குழந்தை, பர்ஸில் காசு இல்லை, போனைப் புருஷன் எடுத்துப் பார்ப்பான். அந்தத் தூரத்தைக் குறைக்க ஊரில் ஆள் வேண்டும். யாராவது கூட வர வேண்டும், ஆட்டோவுக்குக் காசு வேண்டும், அவள் போய்த் திரும்பும்வரை மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குப் பதில் வேண்டும். 2005 சட்டப்படி வன்முறை நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்ல நோக்கத்தோடு சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது. நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

181 என்ற பெண்கள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அவர்கள் உங்களை ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு இணைப்பார்கள். மத்திய அரசின் சகி திட்டத்தில் 2015லிருந்து மாவட்டங்களில் தொடங்கப்பட்ட மையங்கள் இவை. மருத்துவம், போலீஸ், சட்டம், மனநல ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒரே இடம், சில நாட்கள் தங்கவும் முடியும். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் சமூக நலத் துறையின் சேவை இல்லங்கள் இருக்கின்றன. இதையெல்லாம் சம்பவம் நடந்த இரவில் தேடக் கூடாது. ஒரு நாள் பகலில், தலைவரும் நீங்களும் செவிலியரும் சேர்ந்து அந்த மையத்துக்கே நேரில் போய் வாருங்கள். அங்கே இருக்கும் ஆலோசகரின் முகம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், ராத்திரி 11 மணிக்கு நீங்கள் போன் எடுக்கும் விதமே வேறாக இருக்கும். மகளிர் காவல் நிலையத்துக்கும் அப்படியே. 1992இல் சென்னையில் முதலாவது தொடங்கி இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது, ஆனால் பல ஊர்களுக்கு அது பக்கத்தில் இல்லை, அங்கேயும் சில இடங்களில் முதலில் சமாதானம்தான் பேசுகிறார்கள். மக்கள் பிரதிநிதி ஒருவர் கூடப் போனால் புகார் பதிவாவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது நான் கண்ணால் பார்த்த விஷயம்.

மருத்துவமனையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளாட்சிகளால் என்ன முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே எனக்குப் பிடித்த உதாரணம் அங்கேதான் இருக்கிறது. மும்பை மாநகராட்சி 2000ஆம் ஆண்டில், பாந்த்ராவில் தான் நடத்துகிற பாபா மருத்துவமனையில், சேஹத் என்ற ஆய்வு அமைப்போடு சேர்ந்து 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கியது. யோசனை எளிமையானது. அடிபட்ட பெண் போலீசுக்குப் போவாளோ இல்லையோ, ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் வருவாள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்பாள், "ஸ்டவ் வெடித்தது" என்பாள், பூச்சிமருந்து குடித்த நிலையில் தூக்கி வருவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நர்சும் டாக்டரும் அந்தக் காயத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தனியாக ஒரு கேள்வி கேட்கப் பழக வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. அங்கிருந்து பத்தடி தூரத்தில் ஆலோசகர் இருப்பார். புருஷனுக்குச் சந்தேகம் வராது, "ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு மும்பையின் மற்ற மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் இது பரவியது, கேரளத்தில் 'பூமிகா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் வந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி மையம் வைக்க முடியாது, சரி. ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்க முடியும். அதோடு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார், உள்ளாட்சி என எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனடி சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் குற்றம். "முதலில் எப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று யாராவது சொன்னால் நீங்கள் அங்கே உறுதியாக நின்று பேசலாம்.

அப்புறம், தடுப்பது என்றால் வீட்டுக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது. தெருவிளக்கு ஊராட்சியின் கடமை, இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மாலை 7 மணிக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் சிலரையும், மில் வேலைக்குப் போய் வரும் பெண்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊர்வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் வேகமாக நடக்கிறார்கள், எந்த முக்கில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அங்கே பையன்கள் கூட்டமாக நின்று பேசுவது, பக்கத்தில் டாஸ்மாக் பார் இருப்பது, கம்பத்தில் பல்பு போயிருப்பது, எல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்புடையது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் வழியில் கேலி செய்கிறார்கள் என்று ஒரு பெண்பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தினால், அடுத்த ஆறு மாதத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள், 17 வயதில் கல்யாணமாகி, 19 வயதில் கைக்குழந்தையோடு உங்கள் கதவைத் தட்டுகிற பெண் அவளாகத்தான் இருப்பாள். குழந்தைத் திருமணத் தகவல் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள், மாவட்ட சமூக நல அலுவலருக்குச் சொல்லுங்கள். கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஊராட்சித் தலைவர் தலைமையில் இருக்க வேண்டும், பல ஊர்களில் அது நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022லிருந்து இருக்கிறது. தகுதியிருந்தும் வாங்காத பிள்ளைகள் யார் என்று ஒரு பட்டியல் எடுத்தாலே சில கல்யாணங்கள் தள்ளிப்போகும்.

வேலை செய்யும் இடத்தையும் யாரும் ஊராட்சியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், புகாரை விசாரிக்க அங்கேயே ஓர் உள்ளகக் குழு வேண்டும். பத்துக்கும் குறைவாக இருந்தாலோ, முதலாளியே தப்பு செய்தாலோ, வீட்டு வேலை செய்யும் பெண்ணாக இருந்தாலோ, மாவட்ட அளவில் ஓர் உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். கிராமப் பகுதிகளில் வட்டார அளவிலும் தாலுகா அளவிலும் புகாரை வாங்கி 7 நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் அவர் யார்? செங்கல் சூளையில், சின்ன கார்மென்ட் யூனிட்டில் வேலை செய்கிற பெண்களுக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டும். நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதால், தெரியாமல் நாள் போனால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

மகளிர் குழுக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், "குழுவில் இருக்கிற பெண்களுக்கே அடி விழுகிறதே" என்று. உண்மைதான். கையில் காசு வந்தால் அடி தானாக நின்றுவிடும் என்பதை நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், நம் சுயஉதவிக் குழுக்கள் மாதிரிச் சிறுகடன் வாங்கும் ஏழைப் பெண்களுக்கு, கடன் கூட்டத்தோடு சேர்த்து ஆண் பெண் வேறுபாடு, வன்முறை, உடல்நலம் பற்றிய பயிற்சியும் கொடுத்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகளில் கணவன் அல்லது துணைவரிடமிருந்து வந்த வன்முறை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. எனக்கு அதில் படுவது, பணமும் பேச்சும் சேர்ந்து வர வேண்டும் என்பதுதான். நம் குழுக்கூட்டங்களில் தவணை, வட்டி, யார் கட்டவில்லை என்பதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. தவணை கட்ட முடியாத நாளில் வீட்டுக்குள் சண்டை வருவதும் உண்டு. மாதத்தில் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால், யாருடைய வீட்டிலோ சத்தம் கேட்டால் அந்தக் குழுவின் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒன்றாகப் போய் வாசலில் நிற்கத் தயாராவார்கள். அதற்கு இருக்கிற வலு வேறு எதற்கும் இல்லை. கேரளத்தில் உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியில் 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1990களின் கடைசியிலிருந்தே விதி இருக்கிறது. ஊராட்சிகளில் ஜாக்ரதா சமிதி என்ற கண்காணிப்புக் குழு உண்டு, அந்த மாநில அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ நடத்தும் 'ஸ்நேகிதா' உதவி மையங்களும் உண்டு. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது உள்ளாட்சியின் வேலை என்பதை அவர்கள் பட்ஜெட்டில் எழுதிவிட்டார்கள், நாம் இன்னும் எழுதவில்லை.

ஆண்களிடம் பேசாமல் இது முடியாது. குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். குடி வன்முறையை அதிகமாக்குகிறது, அதனால் அரசு மருத்துவமனையின் போதை மீட்பு சிகிச்சைக்கு அழைத்துப்போவது அவசியம். ஆனால் அதே ஆள் எவ்வளவு குடித்தாலும் கடை முதலாளியை அடிப்பதில்லை, போலீஸ்காரரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியை மட்டும்தான் அடிக்கிறான். அடிக்கலாம் என்ற எண்ணம் குடிக்கு முன்பே அவனிடம் இருக்கிறது. இளைஞர் மன்றம், கபடிக் குழு, ஆட்டோ ஸ்டாண்டு, இங்கெல்லாம் ஆண்கள் மதிக்கிற ஓர் ஆண் பேச வேண்டும், நீங்கள் போய் மேடை போட்டுப் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

திருநங்கைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களை முதலில் அடிப்பது சொந்த வீடு, அதுவும் பள்ளி வயதில். அந்தப் பிள்ளை ஊரைவிட்டு ஓடுவதற்கு முன் டீச்சரும் நீங்களும் அந்தப் பெற்றோரிடம் ஒருமுறை பேசினாலே நிறைய மாறும்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அங்கே எந்தப் பெண்ணின் பெயரையும், எந்த வீட்டு விஷயத்தையும் எடுக்காதீர்கள், அவளுக்கு அது இன்னோர் அடி. விளக்கு, பஸ் நேரம், பார் இருக்கும் இடம், குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடியதா, 181 எண் பள்ளிக்கூடச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெண்கள் கழிப்பறைக்குள்ளும் எழுதியிருக்கிறதா, இவற்றை எடுங்கள். கழிப்பறைக்குள் என்று சொல்வதற்குக் காரணம், அங்கே மட்டும்தான் பக்கத்தில் யாரும் இல்லாமல் அவள் அந்த எண்ணைப் படிக்க முடியும். தலைவர் பெண்ணாக இருந்தும் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கும் ஊராட்சி என்றால் இதில் எதுவும் நடக்காது, எந்தப் பெண்ணும் அங்கே வந்து வாய் திறக்க மாட்டாள். உள்ளாட்சியில் 50 சதவீத இடஒதுக்கீடு நமக்குக் கிடைத்திருக்கிறது, அந்த நாற்காலியில் தலைவர் தானே உட்கார வேண்டும் என்று நீங்கள் உள்ளேயிருந்து சொல்லுங்கள்.

இனி அந்தப் பெண். கைக்குழந்தை இருக்கிறது என்றீர்கள், அப்படியென்றால் புதன்கிழமை தடுப்பூசிக்கு வருவார். செவிலியரிடம் முன்பே சொல்லி, மாமியார் கூட வந்தால் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, பத்து நிமிஷம் தனியாகப் பேசுங்கள். "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "அன்னைக்கு ராத்திரி வந்தியே, அதுக்கப்புறம் அடிச்சாரா, கழுத்தை நெரிச்சாரா, கொன்னுடுவேன்னு சொன்னாரா" என்று நேராகக் கேளுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் அது உயிருக்கு ஆபத்தான அறிகுறி, அன்றைக்கே பாதுகாப்பு அலுவலரிடம் பேச வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். புகார் வேண்டாம் என்று அவர் சொன்னால் திட்டாதீர்கள், வற்புறுத்தாதீர்கள், எந்த நேரமானாலும் வா என்று சொல்லுங்கள், 181ஐ வாயால் சொல்ல வைத்து மனப்பாடமாக்குங்கள். ஆதார், பாஸ்புக், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் ஜெராக்ஸை ஒரு கவரில் போட்டு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் இரண்டு செட் துணியும் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கதவு தட்டப்பட்டால், விடிந்ததும் எந்த பஸ்ஸில் ஏறி யாரிடம் போவது என்று உங்கள் இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.